தாம்பரம் கோர்ட்டில் தம்பியைக் கூப்பிட்டார்கள்

தம்பி இறந்துவிட்டதாகக் கருத வேண்டும் என்று நீதிமன்றத்தில் சொல்வதற்காக மும்பையிலிருந்து தாம்பரம் போனேன். அவன் இறந்தானா என்பது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், வேளச்சேரி வரை போய்விட்டு வருகிறேன் என்று இரும்புலியூர் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினான் ஜெயசீலன். ஸ்கூட்டர் மட்டும் கிடைத்தது. பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையோரம் ஸ்டாண்டு போட்டு, பூட்டி நின்றிருந்தது.

ஒருவரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவர்கள் ஏழு ஆண்டுகள் எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் தானாக எடுத்துக்கொள்ளாது. யாராவது போய்க் கேட்க வேண்டும். கேட்டிருப்பவள் அவன் மனைவி கஸ்தூரி. நான் இரண்டாவது சாட்சி.

தம்பி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருந்தான். அவன் மகள் பிரிசில்லாவுக்கு அதே பள்ளியில் வேலை தர நிர்வாகம் சம்மதித்திருக்கிறது. அதற்கு அப்பா இறந்திருக்க வேண்டும். காணாமல் போயிருந்தால் போதாது. கோடை விடுமுறை முடிவதற்குள் தீர்ப்பைக் கொண்டு வந்தால் இடம் உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு தமிழ் நாளிதழின் மும்பைப் பதிப்பில் பல காலம் நீதிமன்றச் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தவள் நான். நீதிமன்றத்துக்குள் கால் வைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீனம்பாக்கத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தேன். மும்பையில், செம்பூரில் ரயில் ஏறுவது ஒரு சண்டை. இங்கே உட்கார இடம் இருந்தது, காற்று வந்தது, எதிரில் ஒரு பெண் மடியில் கூடையை வைத்துக்கொண்டு பூ கட்டிக்கொண்டிருந்தாள். பல்லாவரம் தாண்டி ரயில் காரணம் சொல்லாமல் நின்றது. யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. மும்பையில் இந்நேரம் பாதிப் பேர் தண்டவாளத்தில் குதித்திருப்பார்கள்.

"எங்க எறங்கணும்?" என்று கேட்டாள் பூக்காரப் பெண்.

"தாம்பரம்."

"அப்ப இன்னாத்துக்கு வாசலையே பாத்துகினு கீற? நல்லா சாஞ்சி உக்காரு. தாம்பரம் எங்கயும் ஓடிப் போயிடாது."

கஸ்தூரி ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு, தலையில் மல்லிகை, கழுத்தில் தாலி. கோவளத்துப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். ஆசிரியர்களும் குமாஸ்தாக்களுமான எங்கள் கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் அவளைத் தம்பி அழைத்து வந்தபோது நடந்த பேச்சுகள் எல்லாம் பழையவை. அவன் போன பிறகு ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மீன் விற்கிறாள். என் பெட்டியைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, பிளேன்ல சாப்ட எதுனா குட்த்தாங்களா?"

"ஒரு ரொட்டி குடுத்தாங்க."

"அதுக்கு நீ ரயில்லயே வந்துருக்கலாம்."

வீட்டில் சங்கராக் குழம்பும் நெத்திலி வறுவலும் காத்திருந்தன. மும்பையில் பாம்பே டக் மீன் தின்று பழகிய நாக்குக்கு அந்தப் புளியும் மிளகாயும் அடி போலப் பட்டன. பிரிசில்லா பரிமாறினாள். சேலையூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அம்மா பாத்திரம் கழுவப் போன நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தை, அம்மா கூண்டுல ஏறி என்ன சொல்லுவாங்கன்னு எனக்கே தெரியல. போன மாசம் வக்கீல் கேட்டதுக்கு 'வருவாரு'ன்னு சொல்லிட்டாங்க. அப்படிச் சொன்னா கேஸ் போச்சு. நீங்கதான் பக்கத்துலயே இருக்கணும்."

திங்கட்கிழமை நாங்கள் மூவரும் வக்கீல் தாமோதரனைப் பார்க்கப் போனோம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் அவர் அலுவலகம். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் சட்டப் புத்தகங்கள், கீழேயிருந்து ஜெராக்ஸ் இயந்திரத்தின் முனகல். அவருக்கு ஐம்பது வயது மதிக்கலாம். நிதானமான ஆள்.

"மேடம், நீங்க பத்திரிகைல இருந்தவங்கன்னு சொன்னாங்க. அதான் எனக்கு பயம்" என்றார் என்னிடம்.

"ஏன் சார்?"

"நீங்க டீடெய்ல் சொல்லுவீங்க. கோர்ட்டுக்கு டீடெய்ல் வேண்டாம். ஆமா, இல்லை, தெரியாது. இந்த மூணுல முடிச்சுக்குங்க. ஜட்ஜ் அம்மா எழுதுற வேகத்துக்குப் பேசுங்க. அவங்க பேனா நின்னாதான் அடுத்த வார்த்தை."

வழக்கு யார் மேல் என்று கேட்டேன். தாசில்தார் மேல், போலீஸ் இன்ஸ்பெக்டர் மேல் என்றார். "ஃபர்ஸ்ட் டிஃபெண்டன்ட் உங்க தம்பி."

எனக்குப் புரியவில்லை. இறந்துபோனவராக அறிவிக்கச் சொல்லும் வழக்கில் அவனே எப்படிப் பிரதிவாதி ஆவான்?

"சில வக்கீலுங்க போட மாட்டாங்க. நான் எப்பவும் போடுவேன். உயிரோட இருந்தா வந்து சொல்லட்டுமே. அவருக்கு நோட்டீஸ் அனுப்பினோம், திரும்பி வந்திடுச்சு. அப்புறம் பேப்பர்ல விளம்பரம் குடுத்தோம். நாளன்னிக்கு புதன்கிழமை கேஸ். கோர்ட்ல அவர் பேரை மூணு தடவை கூப்பிடுவாங்க. வரலைன்னா அவர் இல்லாமலே கேஸ் நடக்கும்."

விளம்பர நறுக்கைக் காட்டினார். தாங்கள் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ ஆஜராக வேண்டும், தவறினால் தங்களுக்கு எதிராக ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும் என்று என் தம்பிக்கு அறிவித்திருந்தார்கள். இதுபோன்ற அறிவிப்புகளை எத்தனையோ முறை பக்கத்தின் அடியில் மீதமான இடத்தில் நிரப்பியிருக்கிறேன். ஒன்றையும் முழுதாகப் படித்ததில்லை.

கஸ்தூரி கேட்டாள்: "நெஜமாவே கூப்டுவாங்களா சார்? சத்தமா?"

"நல்ல சத்தமாவே கூப்பிடுவாங்க."

"எத்தினி தபா?"

"மூணு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வக்கீல் அவள் பொட்டையும் பூவையும் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, மேஜையிலிருந்த பேனாவை எடுத்து மூடி வைத்தார். பிறகு, "கூண்டுல ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா வந்து பாருங்க. பழக்கமாகும்" என்றார்.

அன்று மதியமே போனோம். நீதிமன்ற வாசலில் எலுமிச்சை சாதப் பொட்டலம் விற்றுக்கொண்டிருந்தார்கள். உள்ளே அறிவிப்புப் பலகையில் அன்றைய வழக்குகளின் பட்டியல் ஒட்டியிருந்தது. ஆட்கள் பரீட்சை முடிவு பார்ப்பதுபோல விரலால் தடவித் தங்கள் எண்ணைத் தேடினார்கள். வாதி, பிரதிவாதி, சாட்சி எல்லோரும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நிலத்துக்காக ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்ட அண்ணன் தம்பி ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள்.

மாடியில், கோர்ட் அறைக்குள் நடப்பது எளிமையாக இருந்தது. மேடையில் நீதிபதி, கண்ணாடி போட்ட இளம் பெண்மணி. அவருக்குக் கீழே கட்டுகளை எடுத்துக் கொடுக்கும் எழுத்தர். எழுத்தர் எண்ணைச் சொல்ல, வெள்ளைச் சட்டை போட்ட ஊழியர் கதவருகே போய் வராந்தாவைப் பார்த்துப் பெயரைக் கூவினார். ஆள் ஓடி வந்து கைகட்டி நிற்பார். வக்கீல் எழுந்து ஒரு வார்த்தை சொல்வார். பெரும்பாலும் அது வாய்தா. வேறு தேதி. ஆள் கும்பிட்டுவிட்டுப் போவார். விவாதம், மேஜை தட்டல், கண்ணீர் எதுவும் இல்லை. ரயில் நிலையத்தில் வண்டிகளை அனுப்புவதுபோல மனிதர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கஸ்தூரி வழக்கு எதையும் கவனிக்கவில்லை. கூவுகிறவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் குடிக்க வெளியே வந்ததும் எழுந்து போனாள்.

"அண்ணா, நீங்கதான் எல்லாரையும் கூப்டறதா?"

"வேற யாரு? என் வூட்ல மட்டும் நான் கூப்ட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றார் அவர்.

"உங்க சத்தம் வாசல் கேட்டு வரைக்கும் கேக்குமா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும்மா வரணும்?"

அவள் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கரணை. ஸ்கூட்டர் நின்ற இடத்தை நான் பார்த்ததில்லை. கோர்ட்டில் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏறிய பஸ் மேடவாக்கத்தில் நின்றுவிட்டது. முன்னால் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

"இதோட கட். எல்லாம் எறங்குங்க" என்றார் கண்டக்டர்.

"டிக்கெட்டு பள்ளிக்கரணைக்கு வாங்கிகிறோம்ல?" என்று கஸ்தூரி சண்டைக்குப் போனாள்.

"ரோட்ட நானா தோண்டினேன்? பேஜார் பண்ணாத தாயி, பின்னாடி ஷேர் ஆட்டோ வருது பாரு."

ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க நான் உட்கார்ந்தேன். மும்பைப் பழக்கம் அங்கே உதவியது.

சதுப்பு நிலம் நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கோரைக்கு நடுவில் கூழைக்கடாக்கள் மிதந்தன. ஓரத்தில் கேமராவோடு இரண்டு பேர் மூச்சு விடாமல் நின்றார்கள். தூரத்தில் கண்ணாடிக் கட்டடங்கள். கஸ்தூரி ஒரு விளக்குக் கம்பத்தைக் காட்டி, "இங்க" என்றாள்.

"அடிக்கடி வருவியா?"

"மொதல்ல தெனம் வந்துகினு இருந்தேன். அப்பறம் வியாபாரத்துக்குப் போணுமே." தண்ணீரைப் பார்த்தாள். "எங்க அப்பாவோட தம்பி கடலுக்குப் போய்ட்டு வரல. அவருக்கு ஒருத்தரும் கோர்ட்டுக்குப் போவல. கட்டுமரம் மட்டும் கரைக்கு வந்துச்சி. அதுவே சொல்லிடுச்சி. இந்த ஸ்கூட்டர் ஒண்ணும் சொல்லலியேக்கா. பூட்டிட்டுப் போயிருக்காரே. திரும்பி வர்றவன்தானே பூட்டுவான்?"

சாவி எங்கே என்று கேட்கவில்லை. அது அவனிடம் இருக்கிறது.

புதன்கிழமை ஆட்டோ ஜி.எஸ்.டி. சாலையில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பேப்பர் படிக்க ஆரம்பித்தார். இறங்கி நடந்தோம். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கஸ்தூரி முன்னால் போனாள். புதுப் பூ, பெரிய பொட்டு. பிரிசில்லா என்னைப் பார்த்தாள்.

எங்கள் எண் வந்தது. எழுத்தர் ஏதோ சொல்ல, வெள்ளைச் சட்டைக்காரர் கதவருகே போனார்.

"ஜெயசீலன்!"

எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் உரக்கச் சொல்வதில்லை. கஸ்தூரி 'அவரு' என்பாள், மகள் 'அப்பா' என்பாள், நான் 'தம்பி' என்பேன். வராந்தாவில் நின்றவர்கள் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், யார் அந்த ஜெயசீலன் என்று. கஸ்தூரியின் கண் மாடிப்படியில் இருந்தது. என் கண்ணும்தான்.

"ஜெயசீலன்!"

மூன்றாவது முறை அவர் வாயைத் திறந்தபோது விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று கூரைக்கு மேல் இரைந்துகொண்டு போனது. தாம்பரத்தில் அது தினசரிச் சத்தம், யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவர் வாய் அசைந்தது தெரிந்தது. உள்ளே திரும்பி, "இல்லீங்கம்மா" என்றார். நீதிபதி குறித்துக்கொண்டார். கஸ்தூரி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிடி இறுகியது.

சாட்சி விசாரணை மதிய உணவுக்குப் பிறகு. வாசலில் பொட்டலம் வாங்கினோம். மூவரும் சாப்பிடவில்லை.

முறைப்படி கஸ்தூரிதான் முதலில். கூண்டு என்பது இடுப்பளவு மரத் தடுப்பு. பலர் கை வைத்து வைத்து மேல் கட்டை வழுவழுப்பாகியிருந்தது. உண்மையைத் தவிர வேறில்லை என்று சொல்ல வைத்தார்கள். அவள் பெயரில் எழுதித் தாக்கல் செய்திருந்த வாக்குமூலம் அவளுடையதுதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். அரசு வக்கீல் எழுந்தார். இளைஞர். கடமைக்கு இரண்டு கேள்வி கேட்டுவிட்டு உட்காரப் போனவர், நின்றார்.

"ஏம்மா, கணவர் இறந்துட்டதா அறிவிக்கச் சொல்லி கேஸ் போட்டிருக்கீங்க. நெத்தியில பொட்டு இருக்கு, தலையில பூ இருக்கு. அப்ப உங்களுக்கே நம்பிக்கை இல்ல, அப்படித்தானே?"

தாமோதரன் பாதி எழுந்தார். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"கோர்ட்டு இன்னும் சொல்லலியே சார். நீங்க சொல்லணும்னுதானே வந்துகீறோம். சொல்றதுக்கு முன்னாடியே நானு எப்படி எடுக்கறது?"

பின் பெஞ்சில் யாரோ சிரித்து நிறுத்திக்கொண்டார்கள். அரசு வக்கீல் உட்கார்ந்தார். நீதிபதி எழுதிக்கொண்டே கேட்டார். "இந்த ஏழு வருஷத்துல அவரைப் பத்தி யார் மூலமாவது ஏதாவது கேள்விப்பட்டீங்களா?"

பேனா காத்திருந்தது. பிரிசில்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"காலைல அவுரு பேர கூப்டாங்கல்ல. மூணு தபான்னாங்க. மூணாவது தபா பிளேன் சத்தம். எனக்கே கேக்கல, அவருக்கு எப்படிக் கேக்கும்? ரெண்டு தபாதான் கூப்ட்டிருக்கீங்கம்மா."

தாமோதரன் கண்ணை மூடிக்கொண்டார். எழுத்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கூண்டில் நின்றவளைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு வெள்ளைச் சட்டைக்காரரிடம் சொன்னார்: "போய்க் கூப்பிட்டு வாங்க."

அவர் கதவருகே நிற்கவில்லை. வராந்தாவைக் கடந்து மாடிப்படியின் முகப்புக்கே போனார். செருப்புச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. பெஞ்சுகளில் பேச்சு அடங்கியது. எனக்குத் தெரிந்து அந்த அறை அமைதியாக இருந்தது அப்போது மட்டும்தான்.

"ஜெயசீலன்!"

நீளமாக, கடைசி எழுத்து வரை இழுத்துக் கூப்பிட்டார். கீழே பைக் நிறுத்துமிடத்தில் யாரோ ஹாரன் அடித்து நிறுத்தினார்கள். ஒரு காகம். பிறகு அதுவும் இல்லை. அவர் உடனே திரும்பி வரவில்லை. படிக்கட்டைப் பார்த்தபடி நின்று, ஒரு ஆள் கீழேயிருந்து ஏறி வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்து வந்தார். கதவில் நின்று, இல்லை என்று தலையசைத்தார்.

நீதிபதி கஸ்தூரியைப் பார்த்தார்.

"சரிங்கம்மா" என்றாள். "ஒண்ணும் கேள்விப்படல. எழுதிக்கங்க."

அடுத்து நான். கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று கேட்டார் தாமோதரன். அவன் போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் என்றேன். அன்று அவன் மும்பையில் மழையா என்று கேட்டான். வெயில் என்றேன். இங்கேயும் அக்கா, என்றான். அவ்வளவுதான் பேச்சு. அதைச் சொல்ல வாயெடுத்தேன். நீதிபதியின் பேனா நின்றது, அடுத்த வார்த்தைக்கு. டீடெய்ல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். "அதுக்கப்புறம் எந்தத் தகவலும் இல்லை" என்றேன்.

தீர்ப்புக்குத் தேதி கொடுத்தார்கள். பள்ளி விடுமுறை முடிவதற்கு முன்னால்தான். வெளியே வந்ததும் தாமோதரன், வந்துவிடும், கவலைப்படாதீர்கள் என்றார். பிரிசில்லா அழுதாள். கஸ்தூரி அவள் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, சாயங்கால வியாபாரத்துக்கு நேரமாகிறது என்றாள்.

நானும் அவளோடு ராஜகீழ்ப்பாக்கம் போனேன். பட்டுச்சேலைமேல் ஒரு பழைய துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்துக் கடைக்காரி பார்த்துக்கொண்ட கூடையில் வவ்வால் மீனும் கானாங்கெளுத்தியும் இருந்தன. விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. பைக்கை நிறுத்தி ஒருவர் குனிந்தார். வாடிக்கைக்காரர் போல.

"இன்னாக்கா, ரெண்டு மூணு நாளா கடைல ஆளயே காணோம்? பட்டுல்லாம் கட்டிகினு கீற?"

"கோர்ட்டுக்குப் போய்ந்தேண்ணா. எங்க வூட்டுக்காரர் விஷயமா."

"அட! வந்துட்டாரா?"

"இல்லண்ணா" என்றாள். ஒரு வவ்வாலை எடுத்துப் பலகையில் வைத்தாள். "மூணு தபா கூப்டாங்க. வரல."

கத்தியைத் துடைத்துக்கொண்டு, செதில் எடுத்தால் போதுமா, துண்டு போட வேண்டுமா என்று கேட்டாள்.